ஜல்லிக் குவியலில் ஒரு கல்

எங்கள் தெருக்கோடியில் ஒரு வீடு எழும்பிக்கொண்டிருக்கிறது. வாசலில் முக்கால் ஜல்லியைக் கொட்டி வைத்திருக்கிறார்கள். பாதித் தெரு அதுதான். போன வாரம் மழை பெய்து ஓய்ந்த மாலையில் அந்தக் குவியலிலிருந்து ஒரு கல்லை எடுத்து வந்தேன். கிரஷர் தூசியெல்லாம் கழுவிப்போய், உடைந்த முகம் துலக்கமாக இருந்தது. சாம்பல் என்று சொல்ல வாய் வரவில்லை, நீலம் என்றும் சொல்ல முடியவில்லை. அடியில் மெலிதாக ஒரு பச்சை ஓடியது. விளக்கடியில் திருப்பினால், எண்ணெய்க் கையால் தொட்டுவிட்டது போல ஒரு மினுமினுப்பு.

பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்து, கல்லை மெல்ல அருகே கொண்டுவந்தேன். அதுவரை ஒரே நிறமாக இருந்த கல் மணிமணியாகப் பிரிந்தது. நீலம் பாய்ந்த கண்ணாடிச் சில்லு போலச் சில மணிகள். தட்டையான முகத்தோடு, குறிப்பிட்ட ஒரு கோணத்தில் மட்டும் பளிச்சென்று மின்னும் பச்சைப் பழுப்பு மணிகள் ஏராளம். இடையிடையே கிட்டத்தட்டக் கறுப்பாகச் சில. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் நடுவில் இடைவெளியே இல்லை. பசை போட்டு ஒட்டியதாகவும் தெரியவில்லை. ஒவ்வொன்றும் பக்கத்து மணியின் வளைவுக்குள் தன் வளைவைச் செருகிக்கொண்டு இறுகிக் கிடந்தது.

இதற்கு நம் ஊரில் பெயர் கருங்கல். அம்மிக்கும் அஸ்திவாரத்துக்கும் கோயில் தூணுக்கும் அந்த ஒரே பெயர்தான். நிலவியல் நூல்களில் இதன் பெயர் சார்னோக்கைட். அந்தப் பெயர் ஒரு கல்லறையிலிருந்து வந்தது.

கல்கத்தாவில் புனித ஜான் தேவாலய வளாகத்தில் ஜாப் சார்னோக்கின் கல்லறை இருக்கிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் அதிகாரியான அவர் 1690களின் தொடக்கத்தில் இறந்தார். கல்கத்தாவுக்கு அடிகோலியவர் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டவர். வங்காள வண்டல் பூமியில் எவ்வளவு ஆழம் தோண்டினாலும் சேறும் மணலும்தான் வரும், கல்லறை மேல் வைக்க ஒரு பலகைக்கல் கிடைக்காது. ஆகவே கல், சென்னையிலிருந்து கடல் வழியாகப் போனது. இருநூறு ஆண்டுகள் கழித்து, இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த தாமஸ் ஹாலந்து அந்தக் கல்லை ஆராய்ந்தார். அது பரங்கிமலை, பல்லாவரம் குன்றுகளின் கல் என்று காட்டினார். அதுவரை தனிப்பெயர் இல்லாதிருந்த அந்தப் பாறைக்கு, கல்லறையில் உறங்குபவரின் பெயரையே 1893இல் சூட்டினார். 1900இல் அதைப் பற்றி முழு நூலே எழுதினார். இன்று நார்வேக்காரரும் பிரேசில்காரரும் தங்கள் ஊரில் அப்படியொரு கல் தட்டுப்பட்டால் சார்னோக்கைட் என்றுதான் எழுதுகிறார்கள். பல்லாவரத்துக் கல்தான் அவர்களுக்கு அளவுகோல்.

ஹாலந்து எதை வைத்து அதை அடையாளம் கண்டார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தக் காலத்தில் ஒரு பாறையின் வயதைச் சொல்லும் கருவி கிடையாது. கதிரியக்கமே 1896இல்தான் தெரியவந்தது. அவர் கையில் இருந்தவை கண், லென்ஸ், சுத்தியல், ஒரு நுண்ணோக்கி. நிறம், மினுக்கம், மணிகளின் அளவு, அவை பிணைந்திருக்கும் விதம் ஆகியவற்றைக் கொண்டு அவர் எழுதிய வருணனையை இன்றைக்கும் ஒரு மாணவர் பல்லாவரத்தில் உட்கார்ந்து சரிபார்த்துக்கொள்ளலாம். அந்தக் கல் எப்படி உருவானது என்று அவர் சொன்ன விளக்கத்துக்கு அந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. அந்தக் கதைக்குக் கடைசியில் வருகிறேன்.

கண்ணால் கண்டதை மட்டும் வைத்துக் கற்களை வகைப்படுத்தலாம் என்று துணிந்து ஒரு நூலே எழுதியவர் ஆபிரகாம் காட்லோப் வெர்னர். ஜெர்மனியின் சாக்சனி சுரங்க வட்டாரத்துக்காரர். 1774இல் கனிமங்களின் புற அடையாளங்களைப் பற்றிய அவருடைய சிறு நூல் வெளிவந்தபோது அவருக்கு வயது இருபத்தைந்தைத் தாண்டவில்லை. நிறம், பளபளப்பு, உடைந்த இடத்தின் வடிவம், கடினம், கனம், தொட்டால் வழுக்குகிறதா சொரசொரக்கிறதா, வாசனை உண்டா என்று ஒவ்வொன்றுக்கும் நுணுக்கமாகச் சொற்களை வகுத்தார். சாம்பல் நிறம் என்று பொதுவாகச் சொல்லி விட்டுவிடாமல், எந்தச் சாம்பல் என்று சொல்லப் பழக்கினார். மறு ஆண்டே ஃப்ரைபர்க் சுரங்கப் பள்ளியில் ஆசிரியரானார். ஐரோப்பா முழுவதிலிருந்தும் மாணவர்கள் அவரைத் தேடி வந்தார்கள்.

அதே வெர்னர்தான், பாறைகளில் பெரும்பாலானவை ஆதியில் உலகை மூடியிருந்த கடல்நீரிலிருந்து படிந்தவை என்றும், பசால்ட் கூட அப்படி வந்ததுதான் என்றும் பிடிவாதமாகச் சொன்னார். தவறு. பசால்ட் எரிமலைக் குழம்பு இறுகியது. ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் ஹட்டன் 1785இல் கிளென் டில்ட் பள்ளத்தாக்கில், பழைய பாறையின் விரிசல்களுக்குள் கிரானைட் கிளைகிளையாகப் பாய்ந்திருப்பதைப் பார்த்தார். குழம்பாக இருந்தது உள்ளே புகுந்து இறுகினால்தான் அப்படி ஓட முடியும். வெர்னரின் கடல் வற்றிப்போயிற்று. ஆனால் அவர் வகுத்த பார்வை முறை இன்னும் ஒவ்வொரு கல்லூரி ஆய்வகத்திலும் உயிரோடு இருக்கிறது. முதலாண்டு மாணவரிடம் ஒரு கல்லைக் கொடுத்தால் அவர் நிரப்பும் பட்டியல் பெரும்பாலும் வெர்னர் தொட்டுவிட்டுப் போனதுதான்.

அந்தப் பட்டியலில் நிறம் முதலில் வந்தாலும் அதைக் கடைசியாகத்தான் நம்ப வேண்டும். வெயிலிலும் மழையிலும் கிடந்த கல்லின் மேற்பரப்பு தோல் மாதிரி. நம் சார்னோக்கைட்டே வெளித்தோலில் பழுப்பாக, சாதாரணமாக இருக்கும். உடைத்தால்தான் அந்த நீலப்பச்சை தெரியும். நிலவியலாளர்கள் கையில் எப்போதும் சுத்தியல் இருப்பது அதனால்தான். நிறத்தைவிட நம்பகமான சாட்சி, மணிகள் எப்படிச் சேர்ந்திருக்கின்றன என்பது.

சர்க்கரைப் பாகை எடுத்துக்கொள்ளுங்கள். நூல் தொங்கவிட்டு நாள் கணக்கில் அசையாமல் வைத்தால் கற்கண்டு விளையும், ஒவ்வொரு கட்டியும் தனித்தனி முகங்களோடு. காய்ச்சிக் கிளறிச் சீக்கிரம் ஆறவிட்டால் பொடிப்பொடியாகப் பூத்துவிடும். உருக்கிய சர்க்கரையைச் சுழலும் தட்டின் ஓட்டை வழியாகக் காற்றில் வீசி நொடியில் குளிரவைத்தால் பஞ்சுமிட்டாய். அதில் மணியே கிடையாது, இழைத்த கண்ணாடி அது. பூமிக்குள்ளிருக்கும் பாறைக்குழம்புக்கும் இதே கதைதான். ஆழத்தில் நின்று லட்சக்கணக்கான ஆண்டுகள் மெல்ல ஆறினால் கண்ணுக்குத் தெரியும் பெரிய மணிகள் வளரும். எரிமலையிலிருந்து வெளியே வழிந்து சீக்கிரம் ஆறினால் லென்ஸுக்கும் பிடிபடாத சிறு மணிகள். அதைவிட விரைவாகக் குளிர்ந்தால் எரிமலைக் கண்ணாடி. ஆக, ஒரு தீப்பாறையின் மணி எவ்வளவு பெரியது என்று பார்ப்பது, அது எவ்வளவு நிதானமாக ஆறியது என்று கேட்பதற்குச் சமம்.

இதை வீட்டுச் சமையல் மேடையிலேயே பார்க்கலாம். கறுப்பு கிரானைட் என்று கடையில் வாங்கிப் போடுகிறோமே, பாலிஷ் போட்ட அந்தப் பலகைமேல் டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்து லென்ஸ் வைத்துப் பாருங்கள். கறுப்பு மணிகளுக்கு நடுவே, நறுக்கிப் போட்ட சேமியா மாதிரி சாம்பல் நிறக் குச்சிகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கும். கறுப்பு மணி பைராக்சின் என்ற கனிமம், குச்சி ஃபெல்ட்ஸ்பார் என்ற கனிமம். கண்ணாடிச் சில்லு போன்ற குவார்ட்ஸ் என்ற கனிமத்தைத் தேடினால் அநேகமாகக் கிடைக்காது. விழுப்புரம் மாவட்டத்துக் குன்னத்திலிருந்து வரும் பேர்போன கறுப்புக் கல் இந்த வகைதான். நிலவியலில் இதற்கு டோலரைட் என்று பெயர். எரிமலையாக வெளியே கொட்டியிருந்தால் பசால்ட் ஆகியிருக்கும், ஆழத்திலேயே தங்கியிருந்தால் காப்ரோ ஆகியிருக்கும். இரண்டுமில்லாமல் நடுவழியில், பாறை விரிசலுக்குள் சுவர் மாதிரி ஏறி நின்று இறுகியது. அதன் மணியும் நடுத்தர அளவு. குழம்பு ஒன்றே, அது ஆறிய இடத்தைப் பொறுத்துப் பெயர் மூன்று.

அப்படியானால் கிரானைட் எது? எல்லாருக்கும் தெரிந்த சொல்லானாலும் அதற்கு ஒரு கணக்கு உண்டு. சுவிட்சர்லாந்தின் ஆல்பர்ட் ஸ்ட்ரெக்கைசன் தலைமையில் 1970களில் உலக நிலவியலாளர்கள் கூடி வகுத்த கணக்கு அது. கறுப்பு மணிகளை ஒதுக்கிவிட்டு வெளிர் மணிகளை மட்டும் எண்ண வேண்டும். அதில் குவார்ட்ஸ் 20 முதல் 60 விழுக்காடு இருக்க வேண்டும், மீதி ஃபெல்ட்ஸ்பார் இன்ன இன்ன விகிதத்தில் இருக்க வேண்டும். அப்போதுதான் கிரானைட். ஆக, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் விஞ்ஞானிகள் பாறைக்குப் பெயர் வைக்க மணிகளைத்தான் எண்ணினார்கள். எனக்கு அதில் ஒரு மகிழ்ச்சி உண்டு. லென்ஸும் பொறுமையும் இருந்தால் அந்த எண்ணிக்கையை நானும் ஏறக்குறையச் செய்து பார்த்துவிடலாம்.

கடைக்காரர் டோலரைட்டை கிரானைட் என்று விற்பதில் ஏமாற்று எதுவும் இல்லை. மேடையில் கத்தி பட்டால் கீறல் விழுமா, புளித் தண்ணீர் சிந்தினால் அரிக்குமா, பாலிஷ் நிற்குமா என்பவை அவர் கேட்கும் கேள்விகள். அவற்றுக்கு நல்ல பதில் சொல்லும் கற்களையெல்லாம் அவர் ஒரே பெயரில் அடக்குகிறார். அவருடைய வகைப்பாடும் பார்த்துத் தேர்ந்ததுதான், அவர் பார்க்கும் தேவை வேறு, அவ்வளவே.

புளித் தண்ணீர் என்றதும் சலவைக்கல் நினைவுக்கு வருகிறது. சலவைக்கல் தரையில் எலுமிச்சைச் சாறு சிந்தித் துடைக்க மறந்தால், அந்த இடம் மட்டும் பளபளப்பு போய் மங்கிவிடும். சாறு கல்லைத் தின்றுவிட்டது. சலவைக்கல்லும் சுண்ணாம்புக்கல்லும் கால்சைட் என்ற கனிமத்தால் ஆனவை. அமிலம் பட்டால் கரியமில வாயுவை விட்டுக்கொண்டு கரையும். நிலவியலாளர் காடுமேடெல்லாம் ஒரு சிறு புட்டியில் நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தூக்கிக்கொண்டு அலைவது இதற்காகத்தான். வீட்டில் கோலமாவு இருந்தால் ஒரு சிட்டிகையில் எலுமிச்சைச் சாறு விட்டுப் பார்க்கலாம். சில கடை மாவு சோடா போல மெல்ல நுரைக்கும். சில மாவு சும்மா கிடக்கும். வெள்ளை ஒன்றுதான், கல் வேறு.

இந்த ஒரு சொட்டின் அருமை சேலத்தில் தெரியும். நகரை ஒட்டி, ஏற்காட்டு மலையடிவாரப் பக்கம், வெள்ளை நரம்பு ஓடிய கரடுகள் உண்டு. தூரத்திலிருந்து பார்த்த ஆங்கிலேயர்கள் அவற்றுக்கு ‘சாக் ஹில்ஸ்’, அதாவது சாக்குக்கட்டிக் குன்றுகள் என்று பெயர் வைத்துவிட்டார்கள். தங்கள் நாட்டுத் தென்கரையின் வெள்ளைச் சாக் பாறை அவர்கள் நினைவில் இருந்திருக்க வேண்டும். சாக் என்பது சுண்ணாம்புக்கல், அமிலம் பட்டால் பொங்கும். சேலத்து வெள்ளையில் குளிர்ந்த அமிலத்தைச் சொட்டினால் ஏறக்குறைய ஒன்றும் நடக்காது. அமிலத்தைச் சூடாக்கி விட்டால்தான் நுரை வரும். அது மாக்னசைட், மக்னீசியத்தின் கார்பனேட். கொதிக்கும் எஃகு உலைகளின் உட்சுவருக்கு அதிலிருந்து செங்கல் செய்கிறார்கள். சாக்கிலிருந்து செய்ய முடியாது. கண் சொன்னதை ஒரு சொட்டு அமிலம் மறுத்துவிட்டது. ஆனாலும் குன்றுகளின் ஆங்கிலப் பெயர் மாறவில்லை.

அடுத்தது கடினம். கனிமவியலாளர் ஃப்ரீட்ரிக் மோஸ் 1812இல் பத்துக் கனிமங்களை வரிசையாக நிறுத்தி, எது எதைக் கீறும் என்பதை அளவுகோலாக்கினார். வரிசையின் அடியில், எண் 1, டால்க். உச்சியில், எண் 10, வைரம். நம் விரல் நகத்துக்கு ஏறக்குறைய இரண்டரை, பேனாக் கத்திக்கு ஐந்தரை, குவார்ட்ஸுக்கு ஏழு. இந்த அளவுகோலின் இரண்டு பக்கமும் ஒரே சமையலறையில் இருந்தன, எங்கள் பாட்டி காலத்தில். குழம்பு வைக்கிற கல்சட்டி மாக்கல்லில் கடைந்தது. மாக்கல்லின் பெரும்பகுதி டால்க். புதுச் சட்டியை நகத்தால் கீறினால் வெள்ளைக் கோடு விழும், தொட்டால் சோப்பு மாதிரி வழுக்கும். கடைசல் உளிக்கு அது இணங்குவதே அதனால்தான். பக்கத்தில் கிடந்த அம்மி கருங்கல். அதன் ஃபெல்ட்ஸ்பாரும் குவார்ட்ஸும் ஆறும் ஏழும். மிளகாயும் தேங்காயும் எத்தனை ஆண்டு அரைத்தாலும் கல் சிறிது மழுங்குமே தவிரக் கரையாது. மழுங்கிய அம்மியைக் கொத்த, ‘அம்மி கொத்தலையா’ என்று கூவிக்கொண்டு ஆள் வருவார். உளியின் முனை அந்தக் கல்லோடு தோற்றுத் தோற்றுத்தான் வேலை செய்யும். ஒரு நாளைக்கு எத்தனை முறை அவர் உளியைத் தீட்ட வேண்டியிருந்திருக்கும் என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன்.

கல்லைக் காதால் பார்த்தவர்களும் நம்மிடையே இருந்தார்கள், இருக்கிறார்கள். ஸ்தபதி ஒரு பாறையைச் சிலைக்குத் தேர்வதற்கு முன் சுத்தியலால் தட்டிக் கேட்கிறார். மணியோசை போலக் கணீரென்று நீண்டு ஒலிப்பது ஆண் கல். அதைவிட மென்மையாக, தாளத்தின் ஓசை போல எழும்புவது பெண் கல். ஓசை எழாமல் அடங்கிவிடுவது இரண்டும் அல்லாத கல். சிற்ப நூல்கள் இப்படிப் பிரித்து, மூலவர் சிலைக்கு முதல் வகை, தேவியர் சிலைக்கும் பீடத்துக்கும் இரண்டாவது, அடித்தளத்துக்கு மூன்றாவது என்று ஒதுக்குகின்றன. இதைச் சடங்கு என்று தள்ளிவிடுவது எளிது. ஆனால் தட்டியபோது எழும் அதிர்வு கல்லுக்குள் தடையின்றி ஓடினால்தான் ஓசை நீளும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தாலும், மணிகளின் விளிம்பில் மழைநீர் புகுந்து அரித்திருந்தாலும் அதிர்வு அங்கேயே சிதறிச் செத்துவிடும். விரலில் நகமும் காதில் தோடும் செதுக்க வேண்டிய கல்லில் உள்வெடிப்பு இருக்கக் கூடாது. அடியில் சுமை தாங்கிக் கிடக்கப்போகிற கல்லுக்கு அவ்வளவு கண்டிப்பு வேண்டாம். இன்றைக்குப் பொறியாளர்கள் கல்லுக்குள் மீயொலியை அனுப்பி, அது எவ்வளவு விரைவாக மறுபக்கம் வருகிறது என்று அளக்கிறார்கள். கேள்வி அதே கேள்விதான். சாலையோர வெட்டுகளில் நிலவியலாளரின் சுத்தியலும் இதே பாடத்தைப் படிக்கிறது. புதுப்பாறையில் பட்டால் எகிறிக் கணீரென்னும், சிதைந்த பாறையில் பட்டால் ‘சொத்’.

இவர்கள் எல்லாருக்கும் முன்னால் இந்த மண்ணில் கல் தேர்ந்தவர்கள் உண்டு. அந்தக் கதையும் பல்லாவரத்தில்தான் வெளிப்பட்டது என்பது எனக்கு எப்போதும் வியப்பு. 1863 மே 30 அன்று, அதே நிலவியல் துறையின் ராபர்ட் புரூஸ் ஃபுட், பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் கிடந்த கல்லைக் குனிந்து எடுத்தார். இரு பக்கமும் செதில் செதிலாகத் தட்டிக் கூராக்கிய கல். இந்தியாவில் அடையாளம் காணப்பட்ட முதல் பழைய கற்காலக் கருவி அது. சில மாதங்களில் அவரும் சக நிலவியலாளர் வில்லியம் கிங்கும் கொசஸ்தலையாற்றங்கரையில் அத்திரம்பாக்கத்தைக் கண்டார்கள். அங்கே கிடைத்த கருவிகளில் மிகப் பழையவை ஏறக்குறைய 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தியவை என்று தொல்லியலாளர் சாந்தி பப்புவும் குழுவினரும் 2011இல் அறிவித்தார்கள்.

ஃபுட் எடுத்த கல், சுற்றியிருந்த குன்றுகளின் கருங்கல் அல்ல, குவார்ட்சைட். அதைத் தேர்ந்தவர்களின் கண்ணை நினைத்துப் பார்க்க வேண்டும். மணற்கல் என்பது கடலை உருண்டை மாதிரி. மணல் கடலையென்றால், மணிகளுக்கு நடுவே படிந்த சிமென்ட் வெல்லப்பாகு. உடைத்தால் பாகு விட்டுக்கொடுக்கும், மணி முழுசாக உதிரும், உடைந்த முகம் சொரசொரக்கும். அதே மணற்கல் பூமிக்கடியில் சூட்டிலும் அழுத்தத்திலும் கிடந்தால் மணிகளும் சிமென்ட்டும் ஒன்றாக உருகிப் பிணைந்தாற்போல இறுகி குவார்ட்சைட் ஆகிவிடும். அப்போது அடித்தால் வெடிப்பு மணிகளைச் சுற்றிப் போகாது, குறுக்கே அறுத்துக்கொண்டு போகும். சிப்பியின் உட்புறம் போல வழவழப்பான குழிவும், ஓரத்தில் சவரக்கத்தி விளிம்பும் கிடைக்கும். சார்னோக்கைட்டில் அது நடக்காது. அதன் ஃபெல்ட்ஸ்பார் மணிகள் ஒவ்வொன்றும் தனக்கென்று உள்ள தட்டையான தளத்தில் பிளந்து, வெடிப்பைப் பல திசைக்கு இழுத்துவிடும். விளிம்பு நொறுங்கும். மணற்கல்லையும் குவார்ட்சைட்டையும் பிரிக்க இன்றும் மாணவர்களுக்குச் சொல்லித்தரும் சோதனை இதுதான்: உடைத்துப் பார், வெடிப்பு மணியைச் சுற்றிப் போகிறதா, ஊடே போகிறதா? எழுத்தும் சக்கரமும் வருவதற்குப் பல லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அத்திரம்பாக்கத்துக் கைகள் அந்தச் சோதனையைத் தினமும் செய்திருக்கின்றன.

இனி என் ஜல்லிக்கல். அதில் இரண்டு சிக்கல்கள் உண்டு.

முதலாவது நிறம். வெளிர் நிறத் தீப்பாறையில் குவார்ட்ஸ் மிகுதி, கருநிறப் பாறையில் குவார்ட்ஸ் அரிது என்பது பொதுவாகப் பொய்க்காத விதி. கிரானைட் வெளிர், டோலரைட் கறுப்பு. சார்னோக்கைட் இருண்டிருக்கிறது. ஆனால் மணிகளை எண்ணினால் கிரானைட்டுக்கு நிகராகக் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும் இருக்கின்றன. கறுப்பு மணிகள் குறைவுதான். அப்படியானால் இருள் எங்கிருந்து வந்தது? வழக்கமாக வெள்ளையாகவோ ரோஜா நிறமாகவோ இருக்கும் ஃபெல்ட்ஸ்பாரே இதில் பச்சைப் பழுப்பேறியிருக்கிறது. குவார்ட்ஸும் நீலம் பாய்ந்திருக்கிறது. வெள்ளை மணிகள் நிறம் மாறிக் கண்ணை ஏமாற்றுகின்றன. அந்தக் கொஞ்சக் கறுப்பு மணிகள் ஹைப்பர்ஸ்தீன் என்ற கனிமம். பாறையைத் தலைமுடியைவிட மெல்லியதாக, 0.03 மில்லிமீட்டருக்குத் தேய்த்து, ஒளி ஊடுருவும்படி ஆக்கி நுண்ணோக்கியின் சுழல் மேடையில் வைத்துத் திருப்பினால், அந்தக் கறுப்பு மணி வெளிர் ரோஜா நிறத்திலிருந்து வெளிர் பச்சைக்கும், மறுபடி ரோஜாவுக்கும் மாறும். ஹாலந்தின் காலத்திலும் அப்படித்தான் மாறியது.

இரண்டாவது சிக்கல், பிறப்பு. மணிகள் இப்படிக் கோத்துக்கொண்டு, பட்டை பட்டையாக இல்லாமல் இருந்ததால், இது குழம்பிலிருந்து இறுகிய தீப்பாறை என்றார் ஹாலந்து. பிற்காலத்தவர் பலர் மறுத்தார்கள். இது முன்பு வேறு பாறையாக இருந்து, பூமியின் அடியாழத்தில் வெந்து உருமாறியது என்றார்கள். பல்லாவரம், ஏற்காடு, நீலகிரி, கொல்லிமலை என்று தமிழ்நாட்டின் மேட்டு நிலமெல்லாம் பரந்து கிடக்கும் பாறை. இலங்கையின் மலைநாட்டிலும் இருக்கிறது. ஒரு காலத்தில் நம்மோடு ஒட்டியிருந்த அன்டார்க்டிகாவிலும் அதன் பங்காளி உண்டு. சென்னைப் பகுதிக் கல்லுக்கு ஏறக்குறைய 250 கோடி வயது. அவ்வளவு பெரிய, அவ்வளவு பழைய பாறையின் பிறப்பைப் பற்றி அரை நூற்றாண்டுக்கு மேல் வழக்கு நீண்டது.

வழக்கில் கிடைத்த மிகச் சிறந்த சாட்சியம் ஒரு கல் குவாரியில் இருந்தது. கர்நாடகத்தில், பெங்களூருக்குத் தென்மேற்கே கப்பல்துர்கா என்றொரு மொட்டைக் குன்று. அதனருகே வெட்டிய பாறை முகத்தை நிலவியலாளர் சி. எஸ். பிச்சமுத்து பார்த்தார். அது நைஸ் என்ற உருமாறிய பாறை. சாம்பலும் வெள்ளையுமாகப் பட்டை ஓடியது, கறுப்பு மைக்கா, நம் ஊர்ச் சொல்லில் காக்காப்பொன், வரிவரியாகப் படிந்தது. அந்தச் சாம்பல் பாறைக்குள் ஆங்காங்கே, எண்ணெய்க் கறை ஊறியது போல, பச்சைத் திட்டுகள். திட்டு ஒவ்வொன்றும் சார்னோக்கைட். நைஸின் பட்டைகளைத் தொடர்ந்து கொண்டே போனால், அவை திட்டின் விளிம்பை எட்டி, உள்ளே நுழைந்து, மெல்ல மெல்ல மங்கி, நடுவில் காணாமல் போகின்றன. மணிகள் பருத்திருக்கின்றன. காக்காப்பொன் குறைந்து, அதன் இடத்தில் ஹைப்பர்ஸ்தீன் உட்கார்ந்திருக்கிறது.

காக்காப்பொன்னின் கட்டமைப்புக்குள் தண்ணீர் பிணைந்திருக்கும். சுமார் இருபது கிலோமீட்டர் ஆழத்தில், எழுநூறு டிகிரியைத் தாண்டிய சூட்டில், விரிசல்களின் வழியே கரியமில வாயு மிகுந்த பாய்மம் புகுந்தபோது அந்தத் தண்ணீர் வெளியேறிவிட்டது. தண்ணீரில்லாமல் காக்காப்பொன் நிற்க முடியாது, ஹைப்பர்ஸ்தீனாக மாறும். சூளையில் பச்சைச் செங்கல் தன் உள்நீரை இழந்து வேறு பொருளாகிறதே, அது மாதிரி. பாறையின் மொத்தச் சரக்கு கிட்டத்தட்ட அதேதான், அதன் முகம் மாறிவிட்டது. நீர் போன சுவடு அந்தப் பச்சையிலும் எண்ணெய் மினுக்கத்திலும் இருக்கிறது. அதற்காக எல்லாச் சார்னோக்கைட்டும் இப்படி வந்ததுதான் என்று சொல்லிவிட முடியாது. குழம்பிலிருந்தே நேரடியாக இறுகிய சார்னோக்கைட்டுகளும் உலகில் உண்டு. ஹாலந்தும் முழுக்கத் தோற்கவில்லை.

1960இல் ‘நேச்சர்’ இதழில் பிச்சமுத்து அந்தப் பாறை முகத்தைப் பற்றி எழுதினார். தலைப்பு, ‘உருவாகிக்கொண்டிருக்கும் சார்னோக்கைட்’ என்ற பொருளில் இருந்தது. அந்த விளிம்பிலிருந்து உள்ளங்கையளவு துண்டு ஒன்றை உடைத்தெடுத்தால், ஒரு பாதியில் காக்காப்பொன் வரி துலக்கமாக ஓடும், மறு பாதி பச்சையாக மினுங்கும், நடுவே இரண்டு விரற்கடை அகலத்துக்கு வரி இருக்கிறதா இல்லையா என்று கண் தடுமாறும். அருங்காட்சியகத்தில் அதை எந்தப் பெட்டியில் வைப்பார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. என் ஜல்லிக்கல் இப்போது மேசைமேல் காய்ந்துவிட்டது, பச்சை மங்கிச் சாம்பலாகத் தெரிகிறது. ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் திரும்பி வரும்.